ரத்தத்துக்கு ரெண்டு மார்க்

பிப்ரவரி 2, ஞாயிறு

பெயிண்ட் கம்பெனிக்காரன் நான் வேலை பார்க்கிற கடைக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்கச் சும்மா கிடந்தது. இனிமேல் பார்க்கிற பேய்ப்படங்களைப் பற்றி இதில் எழுதப் போகிறேன். ஃபேஸ்புக்கில் எழுதினால் நாலு பேர் வந்து நீயெல்லாம் மனுஷனா என்று கேட்கிறார்கள். இங்கே எவனும் கேட்க முடியாது.

இன்று பார்த்தது ஒரு பிலிப்பைன்ஸ் படம். ஐந்து நடிகர்கள், ஒரு வீடு, ஒரு கோழி. பேயாக வருவது கொசுவலை. கேலி பண்ணவில்லை, நிஜமாகவே கொசுவலைதான். ஆள் இல்லாத கட்டிலில் வலை கட்டியிருக்கிறது, மெத்தை மட்டும் யாரோ படுத்திருப்பதுபோல் அமுங்கியிருக்கிறது. அதற்கு அவர்களுக்கு ஆன செலவு ரெண்டு செங்கல்லாக இருக்கும். நானும் இஸ்ரவேலும் மூச்சு விடவில்லை. அப்புறம் டைரக்டருக்குப் புத்தி கெட்டுப்போய் அந்தப் பேய்க்கு முகம் வைத்தார். முகத்தில் ரப்பர் மூக்கு வேறு. படம் அங்கேயே செத்துப்போனது.

இஸ்ரவேல் யார் என்று எழுதி வைக்கிறேன். பாலிடெக்னிக்கில் என் பெஞ்சுக்காரன். இப்போது மட்டக்கடைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், புதுநன்மை, காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் கேமரா தூக்குவான். ஞாயிறு மத்தியானம் பூசை முடிந்து அவனும், சாப்பாடு முடிந்து நானும் ஸ்டூடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு படம் பார்ப்போம். பாலிடெக்னிக் நாளில் தொடங்கிய பழக்கம், எங்கள் ரெண்டு பேர் கல்யாணத்துக்கும் அப்புறமும் விடவில்லை.

என் பெயர் சுடலைமணி. மனைவி பெயர் இசக்கியம்மாள். ரெண்டும் பேய் விரட்டுகிற காவல் சாமிகளின் பெயர். "ஒங்க வீட்டுக்குள்ள எந்தப் பேயிலே வரும்" என்பான் இஸ்ரவேல்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கடையில் ஒரு அம்மா புடவை முந்தானையைக் கொண்டுவந்து, இதே கலரில் ஹாலுக்கு அடிக்க வேண்டும் என்றார். மெஷினில் மூன்று தடவை கலந்தேன். நாலாவது தடவை முந்தானையும் டப்பாவும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. முதலாளியே வந்து பார்த்தார். கலர் விஷயத்தில் நான் தப்பு பண்ண மாட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அது.

அதனால்தான் படத்தில் ரத்தத்தைத் தப்பாகக் காட்டினால் எனக்குக் கோபம் வரும். கோடி கோடியாகக் கொட்டி எடுக்கிறவர்கள் ரத்தத்துக்கு மட்டும் ஜாங்கிரிப் பாகை ஊற்றிவிடுகிறார்கள். அப்புறம் பயப்பட வேண்டிய இடத்தில் காதுக்குள் பட்டாசு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் நின்று தகரத்தைத் தட்டினால் மாடுகூடத்தான் துள்ளும். அதற்குப் பெயர் பயமா? காசில்லாமல் எடுக்கிறவனுக்குச் சத்தம் போட வழியில்லை, அதனால் யோசிக்கிறான். என் கட்சி எப்போதும் அவன் பக்கம்தான்.

வீட்டுத் தண்ணீர் மோட்டார் காற்று பிடித்துவிட்டது. நாளைக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

நாங்களும் ஒரு குறும்படம் எடுக்கிறோம். உப்பளக் காவல்காரன் ஒருவன் செத்தபிறகும் வேலைக்கு வந்துகொண்டே இருக்கிறான், அதுதான் கதை. கேமரா இஸ்ரவேலுடையது, ரத்தம் என் பொறுப்பு. பொறுப்பு என்றால், அவன் காய்ச்சுவான், நான் பார்த்துச் சொல்வேன். சர்க்கரைப்பாகு, பீட்ரூட் சாறு, நன்னாரி சர்பத், கொஞ்சம் காப்பித்தூள். ஒவ்வொரு தடவையும் சின்ன வீடியோவாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். கூடவே ஒரு வார்த்தையும் எழுத மாட்டான். நானும் கேள்வி கேட்க மாட்டேன். பத்துக்கு எத்தனை மார்க், கலரில் என்ன குறை, அவ்வளவுதான் பதில். எங்களுக்குள் எழுதாத சட்டம் அது.

இன்று மாலை அனுப்பியதற்கு ஐந்து போட்டேன். பீட்ரூட் தூக்கலாக இருந்தது.

ஸ்டூடியோவுக்குப் போனபோது பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தான். தை பிறந்ததிலிருந்து ஓயாமல் கல்யாணம், கேமரா தூக்கித் தூக்கி இடுப்பு போச்சாம். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ரெண்டைப் பிதுக்கி வாயில் போட்டான். வெறும் வயிற்றிலா என்று கேட்டேன். "டீ குடிச்சேன்லா" என்றான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று கடுமையான சரக்கு. எந்த நாடு என்றே தெரியவில்லை, சப்டைட்டிலும் இல்லை. தேவையும் படவில்லை. நிலவறைக்குள் ஒருவன் இன்னொருவனை அறுக்கிறான். படம் பூராவும் அறுக்கிறான். பல நாட்டில் தடை செய்த படம் என்று போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள்.

என் கருத்து இது. கத்தி தோலைத் தொடுகிற வரைக்கும்தான் பயம். தொட்டபிறகு அது வேலை. கறிக்கடையில் வரிசையில் நிற்கிறவன் பயந்தா போகிறான்? இந்த மாதிரிப் படம் எடுக்கிறவர்களுக்கு அது புரிவதில்லை. ஆனால் ஒன்று, ரத்தம் அருமை. தரையில் காய்ந்ததும் ஓரம் கறுத்தது பார், அந்தக் கலர் பண்ணின ஆளைக் கும்பிடலாம். ரத்தத்துக்கு எட்டு, படத்துக்கு மூன்று.

இஸ்ரவேல் பாதியிலேயே எழுந்து வெளியே போய் நின்றான். "என்னலே, பயந்துட்டியா" என்றேன். "சவத்த, வயிறு எரியுது" என்றான். பயந்துட்டேன் என்கிற சொல் எங்கள் ரெண்டு பேர் வாயிலும் வராது. வந்தால் வாழ்நாள் முழுக்க மற்றவன் விடமாட்டான்.

அப்புறம் பரோட்டாக் கடைக்குப் போனோம். அவன் சால்னாவைத் தொடவே இல்லை. அவன் பங்கையும் நானே தின்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மோட்டார் சரியாகிவிட்டது. ஆள் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனான்.

கடையில் இருந்தபோது இஸ்ரவேலிடமிருந்து வீடியோ வந்தது. இந்தத் தடவை பாத்திரத்தில் இல்லை, வாஷ்பேசினில் ஊற்றி எடுத்திருக்கிறான். நல்ல யோசனை, வெள்ளைப் பீங்கான் பின்னணியில் கலர் பளிச்சென்று தெரியும். ஆனால் கலர் மோசம். சிவப்பே இல்லை. கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக, காப்பி பில்டரின் அடியில் நிற்கிற மண்டி மாதிரி. கேமரா வேறு ஆடுகிறது. முக்காலி வைக்கச் சோம்பல்.

பில் போட ஆள் நின்றதால் சுருக்கமாக எழுதினேன். "2/10. காப்பித்தூள் கூடிப்போச்சு. ரெத்தம் எங்கயாச்சும் இந்தக் கலர்ல இருக்குமாலே. இத யாரும் ரெத்தம்னு நம்ப மாட்டான்."

நீல டிக் உடனே விழுந்தது. ரொம்ப நேரம் கழித்து, "நெசமாவா?" என்று ஒரு பதில். சட்டத்துக்கு மாறாக அவன் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. கலரில் என்னையே சந்தேகப்படுகிறானே என்று எரிச்சலாக வந்தது. "நெசமாத்தான். கீழ ஊத்திட்டு வேற காய்ச்சு" என்று அனுப்பினேன்.

"சரி மக்கா" என்றான்.

பிப்ரவரி 13, வியாழன்

இஸ்ரவேல் போனை எடுக்கவில்லை. கல்யாண வேலையாக இருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கையெழுத்து நன்றாக வராது இன்று. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படப்பிடிப்பு. உப்பளத்துப் பக்கம் பூட்டிக் கிடக்கிற ஒரு பழைய உப்புக் கிட்டங்கியில் எடுக்கக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். செத்துப்போன காவல்காரனாக இஸ்ரவேலே நடிப்பது, கேமரா நான் பிடிப்பது. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க நமக்கு ஏது வக்கு?

அவன் பைக்கிலிருந்து இறங்கியதும் அசந்துபோனேன். முகத்தில் அப்படி ஒரு வெளுப்பு. சும்மா பவுடர் அப்பின வெள்ளை இல்லை. அடியில் மஞ்சள், உதட்டில் நிறமே இல்லை, கண்ணுக்குக் கீழே லேசாக நீலம். இப்படி ஒரு பிணத்தை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. "என்ன போட்டிருக்க" என்று கேட்டேன்.

"ஒண்ணும் போடல" என்றான்.

தொழில் ரகசியம் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்சிப்படி அவன் கதவைத் திறந்து உள்ளே வந்து, உப்புக் குவியல் பக்கத்தில் விழ வேண்டும். வந்தான். குவியல் வரைக்கும் வரவில்லை, நடுவழியிலேயே விழுந்தான். கையை ஊன்றாமல் முழு உடம்பும் தரையில் அறைந்தது. நான் கேமராவை நிறுத்தவில்லை. இடம் மாறி விழுந்தாலும் விழுந்த விதம் அவ்வளவு நன்றாக இருந்தது. கிட்டே போய் முகத்தை எடுத்தேன். உதடு அசைந்தது. "அசையாதலே, பொணம்லா நீ" என்றேன்.

அப்புறம்தான் நெற்றியில் வேர்வை ஊற்றுவதைப் பார்த்தேன். தொட்டால் ஜில்லென்று இருந்தது. தட்டினேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் மேலே சொருகியது. 108க்குப் போன் பண்ணினேன். அவர்கள் வருகிற வரைக்கும் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேமரா தரையில் ஓடிக்கொண்டே கிடந்ததாம். ஆம்புலன்ஸ் ஆள்தான் அணைத்துக் கையில் கொடுத்தார்.

பிப்ரவரி 17, திங்கள்

ஆஸ்பத்திரி. உடம்பில் பாதி ரத்தம் இல்லை என்கிறார்கள். வெளியே எங்கேயும் காயம் இல்லை. பின்னே எங்கேதான் போனது?

ஒரு லேடி டாக்டர் வந்து இஸ்ரவேலின் மனைவி பியூலாவிடம் கேட்டார். ரத்த வாந்தி எடுத்தாரா, கறுப்பாக வெளிக்குப் போனாரா, மாத்திரை ஏதும் சாப்பிடுவாரா. பியூலா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். ஒரு வாரமாக அவன் ஸ்டூடியோவிலேயேதான் படுக்கையாம். டாக்டர் குனிந்து இஸ்ரவேலையே கேட்டார். "ரத்த வாந்தி எடுத்தீங்களா?" அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அப்புறம் இல்லை என்று தலையை ஆட்டினான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அது காப்பித்தூள்.

ரெண்டு யூனிட் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். நான் ஒரு யூனிட் கொடுத்தேன். பை நிரம்புவதைப் பார்த்தபடியே படுத்திருந்தேன். நான் நினைத்திருந்த சிவப்பு இல்லை, அதைவிடக் கறுப்பு. எங்கள் ஷேடு கார்டில் அந்தக் கலர் கிடையாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

தூங்கவில்லை. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டி இன்றைக்குத்தான் கேட்கிறேன். கடையில் பார்த்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீடியோவில் ஒருவன் மூச்சு வாங்குகிறான்.

காலையில் வார்டு வாசலில் அந்த டாக்டரை மறித்தேன். "டாக்டர், சும்மா ஒரு சந்தேகம். வயித்துக்குள்ள இருந்து ரெத்தம் வந்தா என்ன கலர்ல இருக்கும்?"

"உள்ள கொஞ்ச நேரம் தங்கிட்டா கறுத்துரும். காப்பித்தூள் மாதிரி திட்டுத் திட்டா வரும். ஏன் கேக்கீங்க?"

போனை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். இது எப்போது எடுத்தது என்று கேட்டார். போன செவ்வாய்க்கிழமை என்றேன். இடுப்புவலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போடுவான், அதையும் சொன்னேன்.

"நேத்து நான் கேக்கும்போது நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா டாக்டர்."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. வேகமாக உள்ளே போய், எண்டோஸ்கோபிக்கு இப்பவே ரெடி பண்ணுங்கள் என்று நர்ஸிடம் சொன்னார். போகிற வேகத்தில் போனைப் பியூலா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பியூலா அந்த வீடியோவைப் பார்த்தாள். அதற்குக் கீழே நான் எழுதியிருந்ததையும் படித்தாள்.

"ரெண்டு மார்க்காண்ணே?" என்றாள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வயிற்றில் புண்ணாம். மாத்திரையால் வந்தது, நாள் கணக்கில் உள்ளேயே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. குழாய் விட்டு, கசிகிற இடத்தில் கிளிப் மாட்டியிருக்கிறார்கள். தாங்கினால் சரி, தாங்காவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்கள்.

பிப்ரவரி 19, புதன்

தாங்கவில்லை. மறுபடி ரத்தம். ஆபரேஷன்.

பிப்ரவரி 20, வியாழன்

ஐசியூ. இன்னும் மயக்கம் தெளியவில்லை. இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியுமாம்.

இசக்கி சோறு கட்டிக்கொண்டு வந்தாள். பியூலாவைச் சாப்பிட வைத்தாள், அவர்கள் பிள்ளையைத் தன்னோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பியூலா என்னோடு பேசுவதில்லை. திட்டினாலாவது தேவலை என்றிருக்கிறது. போகும்போது இசக்கி, "நீங்க எப்படி இருக்கீய" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். "கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு" என்றாள். ஏசி என்றேன். நான் உட்கார்ந்திருந்த வராந்தாவில் ஏசி கிடையாது.

பிப்ரவரி 22, சனி

கண் விழித்தான். பியூலாவிடம் தண்ணீர் கேட்டானாம். டாக்டர் இனி பயமில்லை என்றார். ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே போய் நின்று அழுதேன். கூட்டுகிற அம்மா ஒருத்தி, யார் செத்துப்போனாங்க என்று கேட்டார். யாரும் சாகலம்மா என்றேன். அப்புறமும் நிறுத்த முடியவில்லை.

பிப்ரவரி 26, புதன்

கடைக்குப் போனேன். கலர் மூன்று தடவை தப்பாகப் போயிற்று. முதலாளி ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

இஸ்ரவேலை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் போகவில்லை. பார்வையாளர் நேரம் தோதுப்படவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் போகாமல் இருந்திருப்பேன். இசக்கிதான் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க, இல்லன்னா நான் போறேன்" என்றாள்.

கதவைத் திறந்த பியூலா, "உள்ள இருக்காவ" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இஸ்ரவேல் கட்டிலில் தலையணையைச் சாய்த்துப் படுத்திருந்தான். பாதியாக இளைத்திருக்கிறான். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். படத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. வேறு எதைப் பற்றியும் நாங்கள் பேசிப் பழகியதில்லை. சுவரில் இருந்த கேலண்டரை ரொம்ப நேரம் படித்தேன். தவக்காலம் புதன்கிழமை ஆரம்பிக்கிறது.

"மன்னிச்சிரு மக்கா" என்றேன் கடைசியில். "அது ஒன்னோட ரெத்தம்னு எனக்குத் தெரியாதுலே."

"எனக்குத் தெரியும்லா" என்றான். குரல் எழும்பவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேசினான். "என் வயித்துல இருந்து வந்தது எனக்குத் தெரியாதா. அன்னைக்குக் குனிஞ்சு அந்த பேசினைப் பாத்தேன். பியூலாட்ட சொன்னா அழுவா. யார்ட்ட சொல்ல? எப்படிச் சொல்லன்னும் தெரியல. அதான் எப்பவும் போல வீடியோ எடுத்து ஒனக்கு அனுப்புனேன்."

விலகிக் கிடந்த போர்வையை அவன் காலுக்கு இழுத்து விட்டேன்.

"நீ ரெத்தமே இல்லன்ன. நெசமாவான்னு ஒருக்கா கேட்டேன். நெசமாத்தான்ன. கலரு விசயத்துல நீ தப்பா சொல்ல மாட்டேல்லா. சரி, வேற என்னமோ போலன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில அந்தம்மா கேக்கும்போதும் அதான் ஞாபகம் வந்துச்சு. இல்லன்னுட்டேன்."

குறை சொல்லும் தொனியே இல்லை. நடந்ததைச் சொல்கிறான், அவ்வளவுதான். நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்.

"அன்னைக்கு நிம்மதியா தூங்குனேன்லே. ரெண்டு மூணு நாளைக்குப் பொறவு அன்னைக்குத்தான் தூங்குனேன்."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. என் வார்த்தையைத் தலைக்கு வைத்துக்கொண்டு இவன் தூங்கியிருக்கிறான், உள்ளே ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அவன் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"பயமா இருந்துச்சு சொடல" என்றான். "ரொம்பப் பயந்துட்டேன்."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, எத்தனையோ படம். அந்த வார்த்தையை அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"எனக்கும்லே" என்றேன். "நீ ஐசியூல கெடக்கும்போது. இப்பவும்தான். ஒன் மூஞ்சியப் பாக்கவே பயந்துட்டுத்தான் இத்தன நாளா வரல."

அவன் சிரிக்கவில்லை. தையல் இழுக்காமல் பார்த்து, ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுவர்ப் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். நாற்காலியை விட்டு எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ரொம்ப வலிக்கா" என்று கேட்டேன். "வலிக்கி" என்றான்.

பியூலா அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசல்படியிலேயே நின்றாள். அப்புறம் கிண்ணத்தையும் கரண்டியையும் என் கையில் கொடுத்துவிட்டு, "சூடு பாத்துக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.